லிவர் மாத்தினதுல இருந்து பிரேக் தானா பிடிக்குது, என்ன பண்றது?

கேள்வி: அண்ணே, போன மாசம் பைக் நின்ன இடத்துலயே வலது பக்கம் சாஞ்சு பிரேக் லிவர் பாதியில ஒடிஞ்சிருச்சு. கம்பெனி லிவர் ஒன்னு வாங்குற காசுக்கு ஆன்லைன்ல மூணு ஜோடி வருது, அதனால குட்டை டைப், ஆறு ஸ்டெப் அட்ஜஸ்ட் பண்ற கலர் லிவர் ஒரு ஜோடி வாங்கி நானே ரெண்டு பக்கமும் மாட்டிட்டேன். மாட்டினதுல இருந்து பிரேக் லைட் அணையவே மாட்டேங்குது. அதை விட, கால் மணி நேரம் ஓட்டினதும் வண்டியை யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு, பிரேக் லிவர் கல்லு மாதிரி ஆகிடுது. ராத்திரி நிறுத்திட்டு காலைல எடுத்தா ஒன்னுமே நடக்காத மாதிரி ஓடுது. பிரேக்ல ஏர் பிடிச்சிருக்கு, ப்ளீட் பண்ணி அந்த ஏரை வெளிய எடுன்னு ஃப்ரெண்டு சொன்னான், பண்ணேன், ஒரு நாள் நல்லா இருந்துச்சு, மறுபடி அதே கதை. கிளட்சும் முன்ன விட கனமா இருக்கு. முன்னாடி டிஸ்க், கிளட்ச் கேபிள் டைப். தப்பு லிவர்லயா வண்டிலயா?

பதில்: லிவர்லதான் தம்பி, அநேகமா. மிச்சத்தை அப்புறம் பேசுவோம், முதல்ல அந்த வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க. இழுக்குற மாதிரி இருக்குன்னு சாதாரணமா எழுதிட்டீங்க, அதோட அடுத்த கட்டம் என்னன்னா ஓடிக்கிட்டு இருக்கும்போதே முன்வீல் மொத்தமா நின்னு போறது, அப்போ ஹேண்டில் நம்ம பேச்சை கேக்காது.

மலிவு லிவர்னு சொன்னாலே முகத்தை சுளிக்கிற மெக்கானிக் இல்ல நான். இருபது வருஷத்துக்கு மேல பட்டறைல இருக்கேன், நல்லா உக்கார்ற மலிவு லிவரும் பார்த்திருக்கேன். ஆனா வாங்குறவங்க எல்லாரும் கையில பிடிக்கிற பக்கத்தைதான் பார்க்குறாங்க, கலர் எப்படி, ஷேப் எப்படின்னு. லிவரோட உயிர் அந்த பக்கம் இல்ல. போல்ட் போற ஓட்டைக்கு பக்கத்துல, ஹேண்டில்ல பிரேக் ஆயிலை அழுத்துற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள இருக்குற பிஸ்டனை தள்ளுறதுக்கு ஒரு சின்ன முட்டு நீட்டிக்கிட்டு இருக்கும், நாங்க அதை மூக்குன்னு சொல்லுவோம். உங்க பிரச்சனை மொத்தமும் அந்த மூக்குலதான் இருக்கு.

எப்படின்னு சொல்றேன். லிவரை விட்டதும் உள்ள இருக்குற ஸ்பிரிங் பிஸ்டனை வெளிப்பக்கமா தள்ளி, சர்க்ளிப்னு சொல்ற தடுப்பு வளையத்துல போய் முட்டுற வரைக்கும் கொண்டு வந்துடும். அப்படி முழுசா வந்து நின்னாத்தான் ஆயில் டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்குற ஒரு ஊசித்துளை திறக்கும். அந்த துளை வழியாத்தான் சூட்டுல விரியுற பிரேக் ஆயில் மேல டப்பாவுக்கு ஏறி தப்பிக்குது. லிவரை இழுத்ததும் பிஸ்டன்ல இருக்குற ரப்பர் வாஷர் அந்த துளையை தாண்டி உள்ள போகும், துளை அடைபடும், அதுக்கு அப்புறம்தான் பிரஷரே உருவாகும். இப்போ உங்க புது லிவரோட மூக்கு அரை மில்லிமீட்டர் நீளமா இருக்குன்னு வைங்க. நீங்க கையை எடுத்துட்டாலும் லிவர் பிஸ்டனை லேசா அழுத்திக்கிட்டே இருக்கும், பிஸ்டன் கடைசி அரை மில்லிமீட்டர் திரும்பி வரவே வராது, துளை மூடினபடியே இருக்கும்.

வண்டி எடுத்த உடனே இது தெரியாது, அதுதான் இதுல மோசம். நாலு தடவை பிரேக் பிடிச்சதும் வீல் பக்கத்துல பேடை வச்சு டிஸ்க்கை கவ்வுற கேலிப்பர் சூடாகும், ஆயில் விரியும், போக வழி இல்லாததால அந்த விரிவு பேடை டிஸ்க் மேல தள்ளும், பேடு உரச உரச இன்னும் சூடு, இன்னும் விரிவு, இன்னும் அழுத்தம், இப்படி தன்னைத்தானே முறுக்கிக்கிட்டே போய் கடைசில நீங்க சொன்ன கல்லு மாதிரி லிவர். ராத்திரி ஆறினதும் ஆயில் சுருங்குது, பேடு விடுது, காலைல வண்டி பச்சைப்புள்ள மாதிரி நிக்குது.

உங்க ஃப்ரெண்டு நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பாரு, ஆனா ஏர் இருந்தா லிவர் கெட்டியாகாது தம்பி, பஞ்சு மாதிரி கிரிப் வரைக்கும் உள்ள போகும். நீங்க பார்த்தது அதுக்கு நேர் எதிர். அப்புறம் ஏன் ப்ளீட் பண்ணதும் ஒரு நாள் நல்லா இருந்துச்சு? கேலிப்பர்ல இருக்குற ப்ளீட் நிப்பிளை திறந்ததும் அடைஞ்சு கிடந்த பிரஷர் வெளிய போயிருச்சு, அவ்வளவுதான். மூக்கு அதே நீளத்துலதானே இருக்கு, மறுபடி சூடானதும் மறுபடி அடைச்சுக்கிச்சு. இந்த ஒரு நாள் நிம்மதியை நம்பி மாஸ்டர் சிலிண்டரையே மாத்தினவங்களையும் பார்த்திருக்கேன், மாத்தின சிலிண்டர்லயும் அதே லிவரை மாட்டினாங்க, சொல்லணுமா என்ன ஆச்சுன்னு.

சரி, லிவர்தானான்னு வீட்டுலயே உறுதி பண்ணிக்கலாம். முன்வீல் தரையில படாம தூக்கி நிறுத்திக்கங்க, கையால சுத்தி பாருங்க. அப்புறம் லிவரை பத்து பதினஞ்சு தடவை நல்லா அழுத்தி அழுத்தி விட்டுட்டு மறுபடி சுத்துங்க. பேடு லேசா உரசுற சத்தம் வர்றது சகஜம், ஆனா வீல் ஒரு சுத்தாவது தாராளமா போகணும். போகலன்னா லிவர் ஆடுறதுக்கு அச்சா இருக்குற பிவட் போல்டை கழட்டி லிவரை வெளிய எடுத்துடுங்க. எடுத்த நொடியில வீல் விட்டுச்சுன்னா லிவர்தான் குற்றவாளி. லிவரை எடுத்தும் விடல, ப்ளீட் நிப்பிளை திறந்தாத்தான் விடுதுன்னா அந்த ஊசித்துளை அழுக்குல அடைஞ்சிருக்கலாம், இல்ல ஆயில் போற பிரேக் ஹோஸ் உள்ளுக்குள்ள ஊதி இருக்கலாம். அதை திறந்தும் விடலன்னா கேலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ துருப்பிடிச்சு நிக்குது. இந்த வரிசைல பார்த்தா தேவையில்லாம ஒரு பார்ட்டும் வாங்க வேண்டாம். குளிர்ந்த வண்டில இந்த டெஸ்ட் பாஸ் ஆகிடும்ங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கங்க, கோளாறு காட்டுற அன்னைக்கே சூட்டோட பார்க்கணும், டிஸ்க்ல மட்டும் கை வச்சுடாதீங்க, ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சா போதும், சுர்ருன்னா சூடு.

இதையே ரோட்டுல மாட்டிக்கிட்டா எப்படின்னும் தெரிஞ்சு வச்சுக்கங்க. என்கிட்ட ஒரு வண்டி லோடு ஆட்டோவுல வந்துச்சு, முன்வீல் சுத்தவே இல்ல, நாலு பேரு சேர்ந்து தூக்கி ஏத்தி இருக்காங்க. நான் பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுத்து லிவருக்கு கீழ இருக்குற நட்டை கழட்டி போல்டை ரெண்டு சுத்து லூஸ் பண்ணேன், டக்குன்னு ஒரு சத்தம், வீல் விட்டுருச்சு. வந்தவர் முகத்தை பார்க்கணுமே. லோடு ஆட்டோ வாடகைல ஒரு கம்பெனி லிவர் வாங்கியிருக்கலாம்னு அவரே சொல்லி சிரிச்சாரு.

இப்போ உங்க லிவரை என்ன பண்றது. பிஸ்டனுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு மெல்லிசான இடைவெளி கண்டிப்பா இருக்கணும், பிஸ்டன் வாய்ல இருக்குற ரப்பர் மூடியை லேசா விலக்கி ஒரு துண்டு தாளை நுழைச்சு பாருங்க, சாதா தாள் கிட்டத்தட்ட 0.1 மி.மீ கனம்தான், அது சிக்காம போய் வரணும். கைப்பக்கம் லிவர் நுனில பார்த்தா அதே இடைவெளி சில மில்லிமீட்டர் வெறும் ஆட்டமா தெரியும், ஏன்னா நம்ம விரல் பிவட்ல இருந்து தூரத்துல இருக்கு, மூக்கு ரொம்ப கிட்ட இருக்கு. ஆறு ஸ்டெப் லிவர்னு சொன்னீங்களே, அந்த ஆறு ஸ்டெப்லயும் தனித்தனியா இதை பாருங்க. ஒழுங்கா டிசைன் பண்ண லிவர்ல ஸ்டெப் மாத்தினா கைப்பிடி பாகம் மட்டும்தான் நகரும், மூக்கு அசையாது. மட்டமான சிலதுல ஒன்னாம் ஸ்டெப்ல ஆட்டம் இருக்கும், நாலாம் ஸ்டெப்ல காணாம போயிருக்கும்.

அப்புறம் குப்பைத்தொட்டியை கிளறி பழைய லிவரை எடுங்க. சில வண்டில மூக்கு தனி பீஸா இருக்கும், ஒரு குட்டி புஷ் ராடோ, பித்தளை துண்டோ, லாக் நட்டோட ஒரு ஸ்குரூவோ, அதை பழைய லிவர்ல இருந்து கழட்டி புதுசுல போடணும். நிறைய பேரு ஒடிஞ்ச லிவரோட அதையும் சேர்த்து தூக்கி போட்டுடுவாங்க. ரெண்டு லிவரையும் போல்ட் ஓட்டை மேல போல்ட் ஓட்டை வர்ற மாதிரி ஒன்னு மேல ஒன்னு வச்சு வெளிச்சத்துல பாருங்க. மூக்கு எங்க இருக்கு, எவ்வளவு நீளம், ஸ்விட்சை தொடுற காது எங்க இருக்குன்னு கண்ணுக்கே தெரியும். உண்மைல இதை மாட்டுறதுக்கு முன்னாடி பண்ணியிருக்கணும்.

மூக்கு நீளமா இருந்தா அரம் போட்டு தேய்ச்சுடலாமான்னு அடுத்து கேப்பீங்க. தேய்க்கலாம், நானே தேய்ச்சு கொடுத்திருக்கேன் ஒரு காலத்துல. இப்போ பிரேக் லிவர்ல அதை பண்றதை விட்டுட்டேன். தேய்ச்ச இடத்துல மேல் பூச்சு போயிடும், வெறும் அலுமினியம் பிஸ்டன்ல உரசி உரசி குழி விழும், அதோட நீங்க நேரா தேய்க்கலன்னா பிஸ்டனை சாய்ச்சு தள்ளும், அப்போ ரப்பர் ஒரு பக்கமா தேஞ்சு ஆயில் கசியும். அளவு தப்பா வந்த பிரேக் லிவரை திருப்பி அனுப்புங்க, அட்ஜஸ்ட் ஸ்குரூ இருந்தா அதை வச்சு சரி பண்ணுங்க, ரெண்டும் முடியலன்னா கம்பெனி ஷேப்லயே வர்ற சாதா கருப்பு லிவர் ஒன்னு வாங்கிக்கங்க. ஸ்டெப்பும் இருக்காது ஸ்டைலும் இருக்காது, ஆனா ஒரே பீஸ் வார்ப்பு, பழைய லிவரை பார்த்தே அச்சு எடுத்தது, ஜாயிண்ட் கம்மி, கெட்டுப்போக இடமும் கம்மி. காசும் மிச்சம், கம்பெனி லிவர் அளவுக்கு ஆகாது.

பிரேக் லைட் சமாச்சாரம் தனி, ஆனா அதே குடும்பம்தான். லிவருக்கு அடில குட்டி ஸ்விட்ச் ஒன்னு இருக்கும், நிறைய வண்டில லிவர் சும்மா இருக்கும்போது அதோட காது அந்த ஸ்விட்ச் பின்னை அழுத்தி பிடிச்சிருக்கும், லிவரை இழுத்ததும் பின் வெளிய வரும், லைட் எரியும். உங்க லிவர்ல காது குட்டையா இருக்கு, பின்னை எட்டவே இல்ல, அதனால வண்டி எந்நேரமும் பிரேக் பிடிக்குறதா நினைச்சுக்கிட்டு இருக்கு. இல்லன்னா மாட்டும்போது பின் ஒடிஞ்சிருக்கும், புது ஆளுங்க கையில இது ரொம்ப சகஜம், பின்னை மெல்லிசான ஸ்குரூ டிரைவரால உள்ள அமுக்கி பிடிச்சுக்கிட்டு லிவரை நுழைக்கணும், அப்படியே முரட்டுத்தனமா தள்ளினா படக்குன்னு போயிடும். பல்பு எரிஞ்சா எரிஞ்சுட்டு போகுதுன்னு விட்டுடாதீங்க, நீங்க நிஜமா பிரேக் அடிக்கும்போது பின்னாடி வர்றவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

மாட்டுறப்போ போல்டையும் நட்டையும் ஒன்னா நினைக்காதீங்க. மேல இருக்குற பிவட் போல்ட் லிவர் ஆடுறதுக்கான அச்சு, அதை முறுக்கி இறுக்கினா லிவர் சிக்கிக்கிட்டு திரும்பாது, லிவர் திரும்பலன்னா மறுபடி அதே துளை கதைதான். நிறைய வண்டியோட மேனுவல்ல போல்டுக்கு 1 நியூட்டன் மீட்டர், கீழ லாக் நட்டுக்கு 6 நியூட்டன் மீட்டர் பக்கத்துல போட்டிருப்பாங்க, அதாவது போல்டை ரெண்டு விரல் பலத்துல நிறுத்திட்டு, அதை ஸ்குரூ டிரைவரால அசையாம பிடிச்சுக்கிட்டு நட்டை மட்டும் இறுக்கணும். உங்க வண்டி மேனுவல்ல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. இறுக்கின பிறகு லிவர் தன்னால டக்குனு திரும்பி வரணும், மேலயும் கீழயும் கடகடன்னு ஆடவும் கூடாது, ஆடினா ஓட்டை பெருசா துளைச்சிருக்கான், அதுக்கு மருந்து இல்ல, வாஷர் வச்சு ஒப்பேத்தாதீங்க.

போல்ட்ல லேசா கிரீஸ் தடவலாம். ஆனா மூக்கும் பிஸ்டனும் தொடுற இடத்துல சிலிகான் கிரீஸ் மட்டும்தான், அதுவும் பொட்டு வைக்கிற அளவு. சாதா பேரிங் கிரீஸ் ஓடி உள்ள ரப்பர்ல பட்டா ரப்பர் ஊதிப்போகும், டாட் 3, டாட் 4 ஆயிலுக்குன்னு செஞ்ச ரப்பருக்கு பெட்ரோலிய எண்ணெய் ஆகவே ஆகாது.

கிளட்ச் பக்கம் எனக்கு அவ்வளவு பயம் இல்ல, அங்க தப்பு நடந்தா செலவு வரும், ஆள் விழுறது அபூர்வம். கனமா இருக்குறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். குட்டை லிவர்ல விரல் பிவட்டுக்கு கிட்ட வந்துடுது, கதவை கீல் பக்கத்துல இருந்து தள்ளிப்பாருங்க, அதே விஷயம்தான். இன்னொன்னு கேபிள் நுனில இருக்குற உருளை உக்கார்ற ஓட்டை. பிவட்ல இருந்து அந்த ஓட்டை எவ்வளவு தூரம்னு பழைய லிவரோட ஒப்பிட்டு பாருங்க, தூரம் அதிகமா இருந்தா கனம் கூடும், கம்மியா இருந்தா இலகுவா இருக்கும் ஆனா கேபிள் பத்தாத அளவுக்கு நகரும், கிளட்ச் முழுசா விடாது, கியர் கடகடன்னு விழும், நியூட்ரல் கிடைக்காது.

அந்த உருளை லிவருக்குள்ள தாராளமா சுழலணும், இதை யாரும் பார்க்க மாட்டாங்க. மலிவு லிவர்ல ஓட்டை ஓரம் பிசிறா இருக்கும், உருளை சிக்கிக்கும், அப்போ ஒவ்வொரு தடவை கிளட்ச் பிடிக்கும்போதும் கேபிள் கழுத்துல மடங்கி மடங்கி ஒவ்வொரு இழையா அறுந்து ஒரு நாள் சிக்னல்ல கையோட வந்துடும். உப்புத்தாளை சுருட்டி ஓட்டையை வழவழப்பாக்கி கொஞ்சம் கிரீஸ் வைங்க. தேய்க்குறதுன்னா இங்க தேய்ங்க, தாராளமா. ஃப்ரீ பிளே, அதாவது வெறும் ஆட்டம், லிவர் நுனில 10ல இருந்து 20 மி.மீ வரைக்கும் நிறைய வண்டிக்கு சொல்லியிருப்பாங்க, ஹேண்டிலை இடது கடைசி வலது கடைசி வரைக்கும் திருப்பி பார்த்தாலும் அந்த ஆட்டம் இருக்கணும். ஆட்டமே இல்லன்னா கிளட்ச் பிளேட் வழுக்கிக்கிட்டே ஓடி கருகும், ஆக்சிலேட்டர் கொடுத்தா சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கிளட்ச்லயும் ஒரு ஸ்விட்ச் இருக்குற வண்டின்னா கியர்ல போட்டு கிளட்ச் பிடிச்சு ஸ்டார்ட் பண்ணி பாருங்க, இங்கயும் காது எட்டலன்னா ஸ்டார்ட் ஆகாது, பாட்டரி போச்சுன்னு அலைவீங்க.

குட்டை லிவர் பத்தி என் சொந்த அபிப்பிராயம், ரெண்டு விரல்ல பிரேக் பிடிச்சு பழகினவங்களுக்கு சரி, நாலு விரல்ல பிடிக்கிறவங்களுக்கு அது உபத்திரவம். ரேஸ்காரன் வண்டில பார்த்து ஆசைப்படுறோம், ஆனா உலக பைக் ரேஸுக்கு விதி போடுற எஃப்ஐஎம் அமைப்பே லிவர் நுனில குறைஞ்சது 16 மி.மீ விட்டத்துக்கு உருண்டை இருக்கணும்னு வச்சிருக்கு, விழுறப்போ லிவர் உடம்புல குத்தி ஏறிடக் கூடாதுன்னு. நீங்க வாங்கினது நுனி கத்தி மாதிரி இருந்தா அதுவே திருப்பி அனுப்ப போதுமான காரணம். கம்ப்யூட்டர் மெஷின்ல கடைஞ்சதுன்னு காட்ட சிஎன்சின்னு மேல அடிச்சிருக்குறதை வச்சு பலத்தை எடை போட முடியாது, நான் பண்ற சோதனை ஒன்னுதான், வண்டியை நிறுத்தி வச்சு நாலு விரலாலயும் முழு பலத்தோட இருபது தடவை இழுப்பேன், அப்புறம் அட்ஜஸ்டர் ஜாயிண்ட்லயும் பிவட் பக்கத்துலயும் டார்ச் அடிச்சு கீறல் தேடுவேன். அட்ஜஸ்டர் தன்னால ஒரு ஸ்டெப் தாவுதான்னும் அப்பவே தெரிஞ்சுடும். ஒடியுறதுன்னா பட்டறைலயே ஒடியட்டும்.

உங்களுக்கு நான் சொல்றது இதுதான். வலது பக்கத்துக்கு சாதா கம்பெனி ஷேப் லிவர் ஒன்னு வாங்கி மாட்டுங்க, இடைவெளி, லைட், வீல் மூணையும் பார்த்துட்டு வீட்டை சுத்தி கால் மணி நேரம் மெதுவா ஓட்டி, இறங்கி டிஸ்க்ல தண்ணி தெளிச்சு பார்த்துட்டு அப்புறம் ரோட்டுக்கு போங்க. இத்தனை நாள் சூட்டுல உரசினதால பேடு பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், டிஸ்க் நீலம் பாஞ்சிருக்கான்னும் பாருங்க, பாஞ்சிருந்தா பேடோட பிரேக் ஆயிலையும் மாத்திடுங்க. இடது பக்கம் உங்க பழைய கிளட்ச் லிவருக்கு ஒன்னுமே ஆகலயே தம்பி, அதை ஏன் கழட்டினீங்க, கலர் ஜோடி சேரலன்னா? அதையே திரும்ப மாட்டுங்க. கலர் கிளட்ச் லிவரை ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரோட துணில சுத்தி சீட்டுக்கு அடில போட்டு வைங்க, வெளியூர் போறப்போ என்னைக்காவது உதவும்.